குரங்கு உடைத்த செல்போன்

என் செல்போனை உடைத்தது குரங்கு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பாவமும் அறியாத பிராணி மேல் பழியைப் போட்டுவிட்டுக் கதை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

போடியில் ஓர் ஏலக்காய் குடோனில் தரம் பிரிக்கும் வேலை எனக்கு. மலையிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் காயைச் சல்லடையில் சலித்து, வெடித்த காய், கருத்த காய், சொத்தைக் காய் எல்லாவற்றையும் கையால் பொறுக்கிப் பிரித்துப் போட வேண்டும். நாங்கள் ஆறு பெண்கள். எங்கள் முதலாளி பேசவே மாட்டார். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும், அப்படி ஒரு மௌனம். காயை ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்ப்பார், கீழே போடுவார், போய்விடுவார். நல்லா இருக்கா, இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது. அவர் இருக்கும்போது தும்மல் வந்தால்கூட முந்தானைக்குள் தும்முவோம்.

ஆனால் ஏலம் நடக்கிற நாளில் அவர் காலையிலேயே கிளம்பிப் போய்விடுவார். திரும்பி வர மத்தியானம் தாண்டிவிடும். அதுவரைக்கும் குடோன் எங்கள் ராஜ்ஜியம்.

அப்படி ஒரு நாளில்தான் ராசிங்காபுரத்துக்காரி அந்த யோசனையைச் சொன்னாள். அவள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்குகிறவள், பத்து வருசமாகக் கூட்டாளி. "வயல்ல நாத்து நடுறவளுக எல்லாம் ஆடி வீடியோ போடுறாளுக. நமக்கு என்னடி கொறச்சல்? இம்புட்டு வாசத்துக்கு நடுவுல உக்காந்திருக்கோம்."

வாசம் வீடியோவில் தெரியாது என்று நான் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

நாலு பேர் ஆடுவது, இரண்டு பேர் வாசலில் காவல் என்று முடிவாயிற்று. கேமரா நன்றாக இருப்பது என் போனில்தான் என்பதால் அதையே எடுத்தோம். ரெண்டு மூட்டைக்கு மேல் ஒரு பலகை, பலகை மேல் என் டிபன் கேரியர், அதில் சாய்த்து போன். பாட்டு இன்னொருத்தி போனில். சல்லடையை ஆளுக்கொன்று கையில் எடுத்துக்கொண்டோம். முதல் தடவை ஒருத்தி சிரித்துவிட்டாள். ரெண்டாவது தடவை எல்லோரும் சிரித்துவிட்டோம். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. சரியாக வந்த சந்தோசத்தில் கடைசியில் நாலு பேரும் சேர்ந்து ஓங்கி ஒரு மிதி மிதித்தோம். பலகை ஆடியது. டிபன் கேரியர் உருண்டது. என் போன் குப்புறப் போய், கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்த பழைய இரும்பு எடைக்கல் மேல் விழுந்தது.

எடுத்துப் பார்த்தால், திரையில் பாதி கறுப்பு மை கொட்டிய மாதிரி இருந்தது. மீதிப் பாதியில் பச்சைக் கோடுகள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மை பரவி, கோடுகளும் மூழ்கி, முழுசாக இருண்டுவிட்டது. ஆனால் போன் சாகவில்லை. சரியாக அந்த நேரத்தில் அடித்தது. அந்த மணிச் சத்தம் என் வீட்டுக்காரருக்கென்று வைத்தது. எங்கே தொட்டாலும் எடுக்க முடியவில்லை. அது பாட்டுக்கு அடித்து ஓய்ந்தது, மறுபடியும் அடித்தது.

"என்ன சொல்லப் போறே?" என்றாள் ராசிங்காபுரத்துக்காரி.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பஸ்சில் நெரிசலில் விழுந்தது என்றால், எந்தப் பஸ்சு என்று கேட்பார். என் வீட்டுக்காரர் ஜீப்பு டிரைவர், இந்த ரோட்டில் ஓடுகிற வண்டிக்காரர்கள் அத்தனை பேரும் அவருக்குப் பழக்கம். மூட்டை விழுந்தது என்றால் முதலாளியிடமே கேட்டுவிடுவார். கடைசியில் அவள்தான் சொன்னாள், "குரங்குன்னு சொல்லிரு. குரங்கைப் போயி யாரும் விசாரிக்க முடியாதுல்ல?"

அதில் ஒரு குறையும் தெரியவில்லை. மலையடிவாரத்து ஊரில் குரங்குக்கு என்ன பஞ்சம்? சன்னலில் வைத்திருந்தேன், குரங்கு தூக்கிக்கொண்டு புளியமரத்தில் ஏறியது, கத்தினோம், போட்டுவிட்டது. அவ்வளவுதான் கதை. நடந்து வீட்டுக்குப் போகிற வழியில் ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் அப்போதுதான் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்திருந்தார். தினமும் விடிகாலையில் எஸ்டேட்டு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி, சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருகிறவர். நான் கதையைச் சொல்லி முடித்ததும் ஒரு நிமிசம் என் முகத்தையே பார்த்தார்.

"குரங்கா?"

"ஆமா."

"ஆணா, பொண்ணா?"

"அதை எல்லாம் யாரு பாத்தா? வால் இருந்துச்சு."

இன்னும் நாலு கேள்வி வரும் என்று தயாராக நின்றேன். வரவில்லை. திடீரென்று அவர் என் பக்கம் சேர்ந்துகொண்டார். "இப்ப எல்லாம் குரங்குக ரொம்பத்தான் பண்ணுதுக. போடிமெட்டுல டீக்கடையில கையில இருக்குற வடையப் புடுங்குது. போனு என்ன போனு, ஆளையே தூக்கிரும்" என்று குரங்குகளின் அட்டூழியத்தை அவரே விவரிக்க ஆரம்பித்துவிட்டார். பொய் இவ்வளவு சுலபமாகப் போய்ச் சேரும் என்று தெரிந்திருந்தால் இத்தனை வருசத்தில் இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை டிஸ்ப்ளே மாற்றக் கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடை இருக்கிறது, அங்கே ஒரு அம்மாதான் ரிப்பேர் பார்க்கிறது, கை சுத்தம் என்று ராசிங்காபுரத்துக்காரி சொல்லியிருந்தாள். அந்தக் கடை என்றதும் என் வீட்டுக்காரர், "அது வேண்டாம், தேனிக்குப் போவோம், அங்க பெரிய கடை இருக்கு" என்றார். ஒரு கண்ணாடி மாத்த எதுக்குத் தேனி என்று நான் நடந்தேன். கடை வாசலுக்கு வந்ததும், "நீ உள்ள போ, நான் இங்கயே நிக்கிறேன்" என்றார். மண்டையைப் பிளக்கிற வெயில். கடைக்காரர்தான், "அண்ணே, உள்ள வாங்க, பேன் ஓடுது" என்று இழுத்துக்கொண்டார்.

முன்னால் கவரும் சார்ஜரும் விற்பது அந்தக் கடைக்காரர். போனில் என்ன கோளாறு என்று வருகிறவர்கள் எல்லாம் அவரிடம்தான் சொல்கிறார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கட்டைவிரலால் பின்பக்கம் காட்டுவார். பின்னால் மேசையில் அவர் மனைவி. முப்பது முப்பத்தைந்து வயசிருக்கும். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை, நெற்றியில் தூக்கி விட்ட பூதக்கண்ணாடி. கையில் இருக்கிற வேலையிலிருந்து தலையைத் தூக்காமலே பேசியது அந்த அம்மா.

"எப்படிக்கா உடைஞ்சது?"

"குரங்கு" என்றேன்.

கை நின்றது. தலை நிமிர்ந்தது. என்னைப் பார்த்தது. அப்புறம் எனக்குப் பின்னால் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தது. அவர் சுவரில் தொங்குகிற கவர்களை வெகு உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோஸ் கலரில் முயல் காது வைத்த ஒரு கவரில் அவருக்கு அப்படி என்ன ஆராய்ச்சி என்று தெரியவில்லை.

"மரத்துல இருந்து போட்டுச்சா?"

"புளியமரத்துல இருந்து."

அந்த அம்மா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "உசரத்துல இருந்து விழுந்தா மூலையிலதாங்க்கா அடிபடும். இது நடுவுல வாங்கியிருக்கு. வட்டமா, இரும்பு மேல விழுந்த மாதிரி."

"கீழ கல்லு இருந்துச்சு" என்றேன். எடைக்கல்லும் கல்தானே.

"ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தது. சூடு காட்டிப் பசையை இளக்கி, நகத்தளவு பிளாஸ்டிக் துண்டை இடுக்கில் விட்டு, ஓரம் ஓரமாக நெம்பி, பழைய திரையைத் தூக்கிவிட்டது. எறும்பு மாதிரி திருகுகள். அவற்றைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வைத்தது. காய் பொறுக்குகிற எனக்கே அந்த விரல்களைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. புதுத் திரையை ஒட்டுவதற்கு முன் சும்மா மாட்டிப் பார்க்க வேண்டுமாம். மாட்டியதும் போன் பளிச்சென்று விழித்துக்கொண்டது. பூட்டைத் திறக்கச் சொல்லி என் பக்கம் நீட்டியது. கோடு இழுத்துத் திறந்து கொடுத்தேன். அதோடு என் வாழ்க்கை முடிந்தது என்று அப்போது தெரியவில்லை.

டிஸ்ப்ளே, டச், சத்தம் மூன்றையும் ஒரே தட்டில் சோதிக்க அந்த அம்மாவிடம் ஒரு வழி இருந்தது. கடைசியாக எடுத்த வீடியோவைத் தட்டி ஓடவிடுவது.

ஓடவிட்டது.

சல்லடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நான். இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நான். முழுச் சத்தத்தில் பாட்டு. கடைக்காரர் திரும்பினார். சார்ஜர் வாங்க வந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். நான் கையை நீட்டினேன், ஆனால் போன் வயிற்றைத் திறந்து போட்டபடி கிடந்தது, தொடப் பயமாக இருந்தது. நாலு பேரும் சேர்ந்து ஓங்கி மிதித்தோம். படம் சரிந்தது. கூரைத் தகடு தெரிந்தது, டியூப் லைட் தெரிந்தது, தடால் என்று ஒரு சத்தம், அப்புறம் ஒரே இருட்டு.

அத்தோடு முடிந்திருந்தால்கூடத் தேவலை. திரைதான் செத்ததே தவிர, உள்ளே பதிவு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. இருட்டுக்குள்ளிருந்து எங்கள் குரல் மட்டும் வந்தது. "ஆத்தி, போச்சு!" "பஸ்சுன்னு சொல்லு." "பஸ்சு வேண்டாம்டி." "குரங்குன்னு சொல்லிரு." எல்லாம் தெளிவாக, ஒரு வார்த்தை விடாமல். அதற்குப் பின்னால் என் குரல், சிரிப்போடு:

"அவருகிட்ட மாடு பறந்து வந்து உடைச்சிருச்சுன்னு சொன்னாலும் நம்பிருவாருடி."

குடோனில் அஞ்சு பேர் சிரிக்கிற சத்தம். கடையில் யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா மெதுவாக விரலை வைத்து நிறுத்தியது.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். அவர் முயல் காதுக் கவரைக் கையில் பிடித்தபடி, அடி வாங்கின மாதிரி நின்றார். ஆடியதற்கு எனக்கு வெட்கமே இல்லை, அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. நம்புகிற ஒரு மனுசனை, நம்புகிறார் என்பதற்காகவே கேலி பண்ணியிருக்கிறேன்.

நான் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்துவிட்டு அவர் கொஞ்சம் நிமிர்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "பதினெட்டு வருசம்" என்றார். "பதினெட்டு வருசத்துல நான் உங்கிட்ட ஒரு பொய் சொல்லியிருப்பேனா? ஒரே ஒரு பொய்?"

அந்த அம்மா கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தது.

"அண்ணே, கோவிச்சுக்கிறாதீங்க. இதைக் கேட்டுட்டு நான் சும்மா இருந்தா எனக்குத்தான் பாவம். போன மாசம் நீங்க கொண்டாந்த போனு, டச் இப்ப ஒழுங்கா வேலை செய்யுதா?"

அவர் முயல் காதுக் கவரைத் திரும்பச் சுவரில் மாட்டினார்.

"எந்தப் போனு?" என்றேன்.

"அண்ணன் போனுதான்க்கா. மூலை நொறுங்கிப் போய்க் கொண்டாந்தாரு. அதையும் குரங்குதான் போட்டுச்சாம்."

"போடிமெட்டுக் குரங்கு" என்று முன்னாலிருந்து கடைக்காரர் எடுத்துக்கொடுத்தார். "வடையக் குடுத்தும் போனைத் தரலைன்னு சொன்னாரு."

போன மாசம் ரெண்டு நாள் அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு நான் ஓய்ந்துபோனதும், வந்ததும் வராததுமாக "மேல சிக்னலே இல்ல, என்ன பண்ணச் சொல்றே" என்று அவர் என்னிடமே எரிந்து விழுந்ததும் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவருக்காகப் பரிதாபப்பட்டு ஆட்டுக்கால் சூப்பு வேறு வைத்துக் கொடுத்திருந்தேன்.

"பசை இறுகணும், ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க" என்றது அந்த அம்மா. முகத்தில் சிரிப்பில்லை. ஆனால் நாங்கள் படியிறங்கியதும் உள்ளே புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்து சிரித்தது ரோடு வரைக்கும் கேட்டது.

எதிரே டீக்கடை. ஆளுக்கொரு டீயும் முட்டைபோண்டாவும் வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தோம். கையில் போன் இல்லை. அவர் தன் போனை எடுக்கத் துணியவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு சோலி இல்லை.

"குரங்கு ஆணா, பொண்ணா?" என்று நான் கேட்டேன்.

போண்டாவைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். பிய்க்க இனி ஒன்றும் இல்லை என்ற நிலையில்தான் வாயைத் திறந்தார். மேலே ஆட்களை இறக்கிவிட்டால் சாயங்காலம் வரைக்கும் அவருக்கு வேலை கிடையாது. மற்ற டிரைவர்கள் சீட்டு விளையாடுவார்கள், தூங்குவார்கள். இவர் பாடுவாராம். போனில் அதற்கென்று ஒன்று இருக்கிறதாம். இசை அதுவே வரும், ஆண் பாடுகிற பாதியை இவர் பாட வேண்டும், பெண் பாதியை எங்கிருந்தோ ஒருத்தர் பாடி வைத்திருப்பார். ரெண்டும் சேர்ந்து ஒரே பாட்டாகிவிடும். ஒரு வளைவில் ஜீப்பை ஓரங்கட்டி, போனைப் பானட்டில் சாய்த்து வைத்து, கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தவர், உச்சத்துக்குப் போகிற இடத்தில் கையை விரித்திருக்கிறார். கை பட்டுப் போன் பறந்து, தடுப்புச் சுவரைத் தாண்டி, கீழே பாறையில் விழுந்திருக்கிறது. வேரைப் பிடித்து இறங்கி எடுத்து வந்தாராம்.

"பொண்ணு பாதி யாரு பாடுறது?"

"அது யாரோ ஒரு சேச்சி. மலைக்கு அந்தப் பக்கம்."

"மொகம் எப்படி?"

"மொகம் எல்லாம் தெரியாது. ரோசாப்பூ படம்தான் வச்சிருக்காங்க."

"ரோசாப்பூ." நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"ஐயோ, ஒரு வார்த்தை பேசினது கிடையாது. அவங்க பாதிய அவங்க பாடுவாங்க, என் பாதிய நான் பாடுவேன்."

"பதினெட்டு வருசமா எங்கூட ஒரே வீட்டுல இருக்கீங்க. ஒரு நாளாவது எனக்குப் பாடியிருக்கீங்களா?"

"நீ சிரிப்பே" என்றார்.

கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் அவர் என் சிரிப்பை முழுச் சத்தத்தில் கேட்டிருக்கிறார்.

"இப்பப் பாடுங்க. சிரிக்கல."

"இங்கயா?"

"இங்கதான்."

சுற்றும்முற்றும் பார்த்தார். டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே, அதற்குள் யாரோ இருப்பது மாதிரி, மெல்லிய குரலில் நாலு வரி பாடினார். டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். உப்புப் பத்தவில்லை என்றும், டயர் போச்சு என்றும், வெரசா கிளம்பு என்றும்தான் அந்தத் தொண்டையிலிருந்து நான் கேட்டிருக்கிறேன். அதற்குள் இப்படி ஒன்று இருந்திருக்கிறது. நான் சிரிக்கவில்லை. நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. அந்த ரோசாப்பூ இதை எனக்கு முன்னாலேயே கேட்டுவிட்டதே என்று ஒரு கடுப்பு. "நாளையில இருந்து பொண்ணு பாதிய நான் பாடுறேன்" என்றேன். அவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். என் குரல் அவருக்குத் தெரியும்.

போனை வாங்கப் போனபோது புதுக் கண்ணாடி முகம் பார்க்கிற மாதிரி மின்னியது. அந்த அம்மா அதன் மேல் இன்னொரு காப்புக் கண்ணாடியையும் ஒட்டிக் கொடுத்து, "அடுத்த வாட்டி குரங்கு வந்தா நடுவுல போடாம ஓரமாப் போடச் சொல்லுங்கக்கா" என்றது.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் அந்த வீடியோவைத் தனக்கு அனுப்பச் சொன்னார். எதுக்கு என்றேன். சும்மா என்றார். நாலு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். நானும் அப்போதைய உருக்கத்தில் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் குடோனுக்குள் நுழைந்ததும் ராசிங்காபுரத்துக்காரி என் கையைப் பிடித்தாள். "உன் வீட்டுக்காரர் ஸ்டேட்டஸ் பாத்தியா?"

பார்த்தேன். போன் விழுகிற இடத்தை மட்டும் வெட்டிவிட்டு, நாங்கள் ஆடியதை முழுசாகப் போட்டிருந்தார். கீழே, 'நடுவுல ஆடுறது என் வீட்டுக்காரி' என்று எழுதி, மூன்று கைத்தட்டல் வேறு. ஜீப்பு டிரைவர் நம்பர் இல்லாத ஆள் இந்த ஊரில் யார்? எஸ்டேட்டு ஆட்கள், டீக்கடைகள், லோடு ஏற்றுகிறவர்கள், எல்லோருக்கும் மேலே எங்கள் முதலாளி. அவருடைய மூட்டைகளும் அந்த ஜீப்பில்தான் மலையிறங்கும். யார் யார் பார்த்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம் என்றால், அது என் வீட்டுக்காரர் போனில்தான் தெரியும். உடனே அழித்துத் தொலையுங்கள் என்று சொல்லக் கூப்பிட்டேன். இந்தத் தடவை உண்மையிலேயே சிக்னல் இல்லை போலிருக்கிறது.

பத்து மணிக்கு முதலாளி வந்தார். ஆறு பேரும் காயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. செருப்புச் சத்தம் ஒவ்வொருத்தியாகத் தாண்டி வந்து, எங்களுக்கு முன்னால் நின்றது. வழக்கம்போல் ஒரு பிடி காயை அள்ளி உருட்டினார். கீழே போட்டார். போகவில்லை.

"வலது ஓரத்துல நிக்கிறது யாரு?" என்றார்.

ராசிங்காபுரத்துக்காரி சல்லடையை மடியிலிருந்து இறக்கிவிட்டு, பாதி எழுந்தாள்.

"தாளத்துக்குக் கால் முந்திப் போகுது" என்றார். ஒரு சிரிப்பு, ஒரு கோபம், எதுவும் அந்த முகத்தில் இல்லை. தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அவ்வளவுதான், குடோன் இடிந்து விழுந்திருக்கும். அவள் மட்டும் அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. பயந்துவிட்டாள் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன். வேலை முடிந்து, ராசிங்காபுரம் பஸ்சுக்காக ரோட்டோரத்தில் நின்றபோதுதான் வாயைத் திறந்தாள்.

"நெசமாவே முந்துதாடி?"

"கொஞ்சம்" என்றேன்.

கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து, "எண்ணு, பாப்போம்" என்றாள். பஸ்சு வருகிற வரைக்கும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.